கேட்டைத் தாண்டினால் ஏழு வயது

நண்டூரணி தொடக்கப்பள்ளிக்கு இரும்புக் கேட்டு போட்ட வருஷத்திலிருந்து, பிள்ளையைப் பெற்றவர்கள் யார் அந்தக் கேட்டைத் தாண்டினாலும், எந்த வயதில் படிப்பை விட்டார்களோ அந்த வயதுக்குச் சிறுத்துப்போனார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எட்டு வயதுப் பிள்ளையாகவும், ஐந்தாம் வகுப்போடு நின்றவன் அரை டவுசர் பருவத்துப் பையனாகவும், எட்டாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து ஓடிப்போனவன் மீசை அரும்பாத விடலையாகவும் உள்ளே போய், பேச வேண்டியதைப் பேசியோ பேசாமலோ வெளியே வந்ததும், பழையபடி தங்கள் உயரத்துக்கும் நரைக்கும் கால் வெடிப்புக்கும் திரும்பினார்கள்.

துணி மட்டும் சிறுக்கவில்லை. முதல் கூட்டத்துக்குப் போன தாய்மார் சேலைக்குள் முங்கிப்போய், கொசுவத்தைக் கையில் அள்ளிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி "ஏட்டி, நீயா?" என்று அடையாளம் கண்டு சிரித்து, அதில் இரண்டு பேர் கூட்டத்தையே மறந்து சறுக்குமரத்தில் ஏறிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஊர் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டது. பிள்ளைகளின் பழைய கவுனையும் பாவாடையையும் ஒயர் கூடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்டுக்குப் பக்கத்து உடைமரத்தில் சாக்குப் படுதா கட்டி, உள்ளே போவதற்கு முன்னால் சேலைக்கு மேலேயே சின்னத் துணியைச் சுற்றிக்கொண்டு, சிறுத்ததும் சேலையை அதற்குள் சுருட்டிச் செருகிக்கொண்டார்கள். காரணம் என்னவென்று கொஞ்ச நாள் பேசினார்கள். கேட்டு அடித்த ஆசாரியின் கைராசி என்றார்கள், கேட்டு நட்ட இடம் பழைய சுடுகாட்டு வழி என்றார்கள். அப்புறம் உப்பு விளையும் மாசம் வந்துவிட்டது, பேச நேரமில்லை.

பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள் கதி வேறு. அவர்கள் சிறுக்கவில்லை. முழு உருவத்தோடுதான் உள்ளே போனார்கள், ஆனால் அவர்கள் பேசியது உள்ளே யார் காதிலும் விழவில்லை. அப்படி ஒருத்தியான காளியம்மாள், பாட்டி வயதில் பெற்ற தன் மகனுக்குச் சத்துணவில் முட்டை தரவில்லை என்று கேட்கப் போய், தொண்டை கிழியக் கத்திவிட்டு, சுவரில் இருந்த பல்லிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வந்து சொன்னாள். ஆண்கள் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை அடி வாங்க யாருக்கும் மனசில்லை.

அதனால் ஜெயசிங்குக்கு மவுசு வந்தது. ஊரிலேயே பி.காம். முடித்தவன் அவன் ஒருத்தன்தான். வேலை கிடைக்காமல் ஊர்ச் சர்ச்சான வேதக்கோயில் படியில் உட்கார்ந்திருந்தவன், கேட்டைத் தாண்டினாலும் ஒரு விரற்கடை குறையாமல் நின்றான். இன்றைக்கு இந்த வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா, நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்கு மாமா என்று ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உறவாகிப் போய், டீச்சர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, போன வீட்டில் மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போனான். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "எல்லாம் நல்லபடியாச் சொல்லிட்டேன்" என்பான்.

தலைமையாசிரியர் குணசுந்தரி டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். இரண்டாவது டீச்சர் இடம் வெகுகாலமாகக் காலி. ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரு கண்ணை ஒன்றாம் வகுப்பின் மேலும் ஒரு கண்ணை ஐந்தாம் வகுப்பின் மேலும் வைத்துக்கொண்டு, தொண்டை கட்டிப்போய்தான் தினமும் பஸ் ஏறுவார். வேலைக்கு வந்த முதல் வருஷம் வீடுவீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளை உப்பளத்துக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சியவர்தான். ஒரு பையனின் காதைத் திருகிய குற்றத்துக்காக, ஊர் திரண்டுபோய் அவரை வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, கடைசி பஸ் போன பிறகுதான் திறந்துவிட்டது. உப்புப் பாத்தி வரப்பு வழியாக மெயின் ரோட்டுக்கு அழுதுகொண்டே நடந்தவர், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஊருக்குள் கால் வைக்கவில்லை. ஊர்க் கடையில் அவருக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். தந்தாலும் அவர் குடிக்கமாட்டார்.

இரும்புக் கேட்டு வந்தபோது, தன் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தன்னைப் பூட்டிய கைகளெல்லாம் இப்போது குட்டிக் கைகளாகத் தன் முன்னால் வந்து நின்றன. "கையைக் கட்டு," என்றார். கட்டினார்கள். "தரையில உட்காரு," என்றார். உட்கார்ந்தார்கள். உள்ளே சின்னப் பிள்ளைகளாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து வளர்ந்த பிறகுதான் அவர்களுக்குப் பெரிய மனுஷக் கோபம் வந்தது. வந்த கோபத்தை மதில் மேலாக வீசினார்கள். சில நாள் வெறும் வார்த்தையாக, சில நாள் கல்லாக.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் சந்தனமாரி மாட்டிக்கொண்டாள்.

சந்தனமாரி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். தம்பியைத் தூக்கிச் சுமக்க ஆளில்லை என்று இரண்டாம் வகுப்போடு அவளை நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய மகள் கனிஷ்கா நான்காம் வகுப்பு. மகளை ஏன் கடைசி வரிசையில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, மற்றவர்களைப் போல ஜெயசிங்கை அனுப்பாமல், சந்தனமாரி தானே போனாள். ஏழு வயதுக் கீச்சுக்குரலில் கேட்டாள்.

"கையைக் கட்டிப் பேசு," என்றார் குணசுந்தரி டீச்சர்.

"நான் கட்ட மாட்டேன்," என்றாள் சந்தனமாரி.

மர ஸ்கேல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. மகள் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஏழு வயதுப் பிள்ளை எப்படி அழுமோ அப்படி மூக்கு ஒழுக அழுதுகொண்டே வெளியே ஓடினாள். கேட்டைத் தாண்டியதும் வளர்ந்தாள். வளர்ந்ததும், அந்த டீச்சரை ஒரே அறையில் சாய்க்கவேண்டும் என்று கையை ஓங்கிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினாள். கேட்டைத் தாண்டியதும் ஓங்கிய கை ஏழு வயதுக் கையாகிவிட்டது. வெளியே வந்தாள், வளர்ந்தாள், மறுபடி ஓடினாள், மறுபடி சிறுத்தாள். உப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கையைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக அவளுக்கு வழியே இல்லை. கடைசியில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயும்வரை ஏசிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அவள் வாய் ஓயாது. பலகாரம் சுற்றி வந்த பேப்பரைப் படிப்பாள், தீப்பெட்டி லேபிளைப் படிப்பாள், லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை விரித்து வைத்தால், மடியில் பார்வையை இறக்கிவைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருப்பாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில், இந்தப் பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை, டவுனில் தங்கிப் படிக்கிற சிறப்புப் பள்ளிக்கு அனுப்பவேண்டும், வீட்டிலிருந்து ஆள் வந்து சம்மதம் சொல்லட்டும் என்று சொல்லியனுப்பினார்.

"பொய் சொல்லுதா அவ," என்று மதிலுக்கு வெளியே நின்று கத்தினாள் சந்தனமாரி. "எம்பிள்ள பேப்பர் படிக்கா!"

"ஒம்பிள்ள 'அ'ன்னாகூடத் தெரியாம உக்காந்திருக்கா," என்று மதிலுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதனால்தான் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

சந்தனமாரியின் புருஷன் பெத்துராஜ் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். பொண்டாட்டி மறுபடி அடி வாங்கவேண்டாம் என்று, அவளுக்குச் சொல்லாமல் ஜெயசிங்கை அனுப்பிவைத்தான். ஜெயசிங் போனான், பெரியப்பா என்று சொல்லி உட்கார்ந்தான், டீச்சர் கேட்டதற்கெல்லாம் வழக்கம்போலத் தலையாட்டினான், சாப்பிட வந்தபோது சொன்னான்:

"திங்கக்கெழம வேன் வருமாம். பிள்ளைக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொன்னாவ."

"எதுக்கு?" என்றாள் சந்தனமாரி.

"ஹாஸ்டலுக்கு. நான் சரின்னு சொல்லிட்டேன்லா."

குழம்புச் சட்டி ஜெயசிங்கின் தலைக்கு மேலே பறந்து சுவரில் உடைந்தது. பெத்துராஜ் குறுக்கே விழுந்து அவனை வெளியே தள்ளினான். அதற்கப்புறம் ஜெயசிங் அந்தத் தெரு வழியாக நடந்ததே இல்லை.

மறுநாள், விடியுமுன்னே தொடங்கும் உப்பள வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏறிய நேரத்தில் சந்தனமாரி கேட்டைத் தாண்டினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கனிஷ்காவின் பழைய சிவப்புக் கவுன் முழங்காலில் தட்ட, நேரே நான்காம் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய், மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வெளியே போ," என்றார் டீச்சர்.

சந்தனமாரி சுவரைக் காட்டினாள். அங்கே நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்ததை, இரண்டாம் வகுப்புக்காரி படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தாள். "பெ...ற்...றோர்... எந்...நேர...மும்... வர...லாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரின் முகம் சுண்டிப்போனது. ஸ்கேலை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, மேஜை மேல் படாரென்று போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள். தன் காது உயரமே இருந்த அம்மா. மூக்குத்தி போட்ட ஓட்டை இல்லாத மூக்கு, ஒரு பல் விழுந்த வாய். பலகையில் டீச்சர் எழுதிக்கொண்டிருந்தபோது சந்தனமாரி அவள் காதருகே போய்க் கேட்டாள்.

"நீ ஏன் இங்க வாயத் தெறக்க மாட்டேங்க?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. டீச்சர் பாக்காவ," என்றாள் கனிஷ்கா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் தன்னை 'ஏட்டி' என்றதில் சந்தனமாரிக்குக் கோபம் வரவில்லை. தம்பியைச் சுமந்த நாளிலிருந்து அவளை அப்படி யாரும் தங்கச்சிபோல அதட்டியதில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சொல்லு."

வீட்டில் அம்மா எத்தனையோ தடவை கேட்டும் சொல்லாததை, தன்னைவிடச் சின்னதான அந்தப் பிள்ளையிடம் கனிஷ்கா சொன்னாள். "அன்னைக்கு ஒன்னைய அடிச்சாவல்லா. நான் படிச்சேன்னா, அடிச்ச அதே கையால எனக்கு 'குட்' போடுவாவ. எனக்கு அது வேண்டாம்."

சந்தனமாரி மூக்கை உறிஞ்சினாள்.

"அழாத," என்றாள் கனிஷ்கா. "நீயும்தான. ராத்திரி சோறு போடும்போதெல்லாம் அவிய கை அழுவிப்போவும்னு வையுத. நான் இங்க நல்லாப் படிச்சா ஒனக்கு யாரோ மாதிரி ஆயிருவேன். படிக்கலன்னா அவியளுக்கு மக்கு. ரெண்டு பேரும் என்னைய யாரு பக்கம்னுதான கேக்கிய? நான் சும்மா இருக்கேன்."

பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட்டது. சந்தனமாரி ஏழு வயது மூளைக்கு எட்டியவரை அதை யோசித்தாள். பெரியவளாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பத்துப் பதில் சொல்லியிருப்பாள். இப்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். டீச்சர் அவளுக்குப் பாய் தரவில்லை, புத்தகம் தரவில்லை, சத்துணவு வரிசையில் நின்றால் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். சந்தனமாரி தூக்குவாளியில் பழைய சோறு கொண்டுவந்து, சமையல் கூடத்துக்குப் பின்னால் மகளோடு உட்கார்ந்து தின்றாள். தின்றபிறகு கனிஷ்கா புத்தகத்தை எடுத்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் படித்துக் காட்டினாள். தெரியாத எழுத்தை விரலால் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

சமையல் கூடத்து அடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம், குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த குணசுந்தரி டீச்சர் அதைக் கேட்டார். தடங்கலில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பாட்டுபோல வந்தது குரல். குடம் நிரம்பி வழிந்து அவர் செருப்பு நனைந்தது. எத்தனையோ நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் தனக்குக் கிடைக்காதது, ஒரு பல் விழுந்த குட்டிக்குச் சும்மா கிடைக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடு கூடவே, அந்தப் பிள்ளையை வேனில் ஏற்ற இருந்தோமே என்ற பயமும் வந்தது. அந்தப் பயம் அவருக்கு எரிச்சலைவிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், தன்னைப் பூட்டிவைத்த ஊரின் வழியாக, கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்க, குடையை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு குணசுந்தரி டீச்சர் உப்பளத்துக்கு நடந்தார். கூட யாரும் வரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. சந்தனமாரி உப்பு அம்பாரத்தின் மேல் நின்று கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் குவியலின் உச்சியில், முழு வயதும் முழு உயரமுமாக நின்ற அவளை டீச்சர் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது. வெயிலில் மின்னிய உப்பு கண்ணைக் கூச, டீச்சருக்குக் கண்ணீர் வந்தது.

"வேன் வராது. ஒம்பிள்ளைக்குப் படிக்கத் தெரியுது," என்றார் டீச்சர்.

"அதத்தான நான் அன்னையிலேர்ந்து சொல்லுதேன்."

"அப்ப எதுக்கு என் முன்னால வாயத் தெறக்க மாட்டேங்குறா? நீதான சொல்லிக்குடுத்த?"

சந்தனமாரி கூடையைக் கீழே போட்டாள். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஓங்கிய கையோடு எத்தனை தடவை கேட்டைத் தாண்டினாள். இப்போது அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் டீச்சரின் கன்னம் இருந்தது, தடுக்க எந்தக் கேட்டும் இல்லை. இறங்கி வந்தாள். டீச்சர் பின்வாங்கவில்லை, குடையை மட்டும் இறுக்கிப் பிடித்தார்.

"அவ அம்மைய நீங்க அடிச்சிய," என்றாள் சந்தனமாரி. "அவ பாத்தா. அவ்வளவுதான்."

டீச்சர் குடை நுனியால் உப்பைக் கிளறினார். பிறகு, காறித் துப்புகிறதுபோலச் சொன்னார். "தப்புதான். போதுமா?"

"போதாது."

"இன்னும் என்ன? கால்ல விழணுமா?"

"இங்க சொல்லாதிய. இங்க நான் பெரிய ஆளு, எனக்கு வேண்டாம். அடி வாங்குனது நான் இல்ல, அந்தச் சின்னப்பிள்ள. அங்க வந்து அவகிட்ட சொல்லுங்க. எம்மக பாக்கச் சொல்லுங்க."

"என்னை உள்ள வச்சுப் பூட்டுனீங்களே, அதுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டபோது டீச்சரின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார். "நடந்தே போனேன் இந்த வரப்புல! ஒரு நாதி வரல!"

பெண்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். சந்தனமாரிக்கு அவரை அப்போதும் பிடிக்கவில்லை. ஆனாலும், "அன்னைக்குப் பூட்டுனப்ப நானும்தான் கூட நின்னேன். தப்புதான்," என்றாள். அவள் சொன்னதிலும் மரியாதை எதுவும் இல்லை.

"வீட்டுல பிள்ளை முன்னால என்னைத் திட்டுறதையும் நிறுத்தணும்," என்றார் டீச்சர்.

"அது முடியாது."

"அப்ப அவளுக்குக் கேக்காமத் திட்டு."

சந்தனமாரி யோசித்தாள். "சரி," என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூட மதிலைச் சுற்றிலும் ஊரே நின்றது. சிலர் மதில் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளே வந்தால் சிறுத்துவிடுவோம் என்பதால் எட்டித்தான் பார்த்தார்கள். குணசுந்தரி டீச்சர் தன் நாற்காலியில் உட்காராமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டு, சிவப்புக் கவுன்காரியின் கண்ணும் தன் கண்ணும் நேராக வருகிறமாதிரி உட்கார்ந்தார். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு, வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"நான் உன்னை அடிச்சிருக்கக் கூடாது. அது தப்பு."

ஏழு வயதுச் சந்தனமாரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னித்ததுபோல முகத்தில் எதுவும் தெரியவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

கனிஷ்கா எழுந்தாள். யாரும் சொல்லாமலே புத்தகத்தை விரித்தாள். மதில் மேல் இருந்தவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் படிக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் முடித்தாள், அடுத்த பக்கம் போனாள். "மழை வந்தது. ஊர் மக்கள் அனைவரும் மகிழ்ச்சியில் ஆடினர்," என்று படித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"இது தப்பு டீச்சர்," என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு டீச்சரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. "மழ வந்தா எங்கூர்ல அழுவாவ. உப்பெல்லாம் கரைஞ்சு போவும்."

"புத்தகத்துல உள்ளதப் படி," என்றார் டீச்சர்.

"அவ சரியாத்தான் சொல்லுதா," என்று கீச்சிட்டாள் சந்தனமாரி. "புத்தகந்தான் பொய் சொல்லுது."

"புத்தகம் எப்படிப் பொய் சொல்லும்? வெவசாயம் பாக்குறவனுக்கு மழை வேண்டாமா?"

"இங்க எவன் வெவசாயம் பாக்கான்?"

"உலகம்னா நண்டூரணி மட்டுமா?"

"நண்டூரணி ஒலகத்துல இல்லையா?"

டீச்சர் முக்காலியோடு நகர்ந்துவந்து புத்தகத்தின் மேல் குனிந்தார். சந்தனமாரி மறுபக்கத்திலிருந்து எழுந்து நின்று, தனக்குப் பாதிதான் படிக்கத் தெரிந்த அந்த வரியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. ஒருத்தி கையை மற்றவர் தள்ளிவிட, ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவள் மறுத்துக் கத்த, மதில் மேலிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கூச்சல்போட, நடுவில் மாட்டிக்கொண்ட கனிஷ்கா அவர்கள் இருவர் விரலுக்கும் கீழேயிருந்து பக்கத்தை மெல்ல உருவித் திருப்பி, அடுத்த பாடத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.